மேசை வாளில் எத்தனை துண்டு அறுத்தாலும் ஒரே அளவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சிறிய தச்சுப் பட்டறை இருக்கிறது. பக்கத்துப் பட்டறைப் பெடியன்களும், வீட்டு வேலைக்கென்று சிறிய மேசை வாள் (மேசைத் தட்டின் நடுவே வட்ட வாள் எழுந்து நின்று சுழலும் இயந்திரம்) வாங்கி வைத்திருப்பவர்களும் வந்து கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். அளவுகளை மில்லிமீற்றரில் சொல்கிறேன். நூல் கணக்கில் பழகியவர்கள் எட்டு நூல் ஒரு அங்குலம், ஒரு நூல் 3 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு துண்டையும் அளந்துதான் அறுக்கிறேன். பிறகும் ஏன் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை?

ஒவ்வொன்றையும் அளப்பதால்தான். அளவு நாடாவின் நுனிக் கொளுக்கி கொஞ்சம் ஆடும். பென்சில் கோடே அரை மில்லிமீற்றர் தடிப்பு. நீங்கள் குனிந்து பார்க்கும் கோணம் ஒவ்வொரு தடவையும் மாறும். வாள் கோட்டின் எந்தப் பக்கத்தைத் தின்கிறது என்பதும் மாறும். சாதாரண 10 அங்குல வாளின் பல் ஏறத்தாழ ஒரு நூலைத் தூளாக்கிவிடும். கோட்டின் பக்கம் மாறிப்போனால் அந்த ஒரு நூலும் அப்படியே பிழையாக வந்து நிற்கும்.

ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டுக்கு எட்டு யன்னல் செய்தேன். வேப்ப மரம். மேலும் கீழுமாகப் பதினாறு குறுக்குச் சட்டங்கள். பதினாறையும் தனித்தனியாக அளந்து, கோடு கீறி, கவனமாகத்தான் அறுத்தேன். பூட்டிப் பார்த்தபோது இரண்டு யன்னல்களில் மூலைக்கு மூலை பிடித்த அளவு ஒத்துவரவில்லை. மேல் சட்டம் கீழ்ச் சட்டத்தைவிட 2 மில்லிமீற்றர் குறைவு. அந்த இரண்டையும் கழற்றி, புது மரம் எடுத்து, மறுபடி செய்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே வழிதான்: அளவை ஒரு தடவை எடுத்து வாளில் நிலைநிறுத்திவிடுவேன். அப்புறம் நாடாவைத் தொடுவதில்லை. மரம் போய் ஒன்றில் முட்ட வேண்டும், முட்டியதும் அறுக்க வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

வாளை முதலில் எப்படிச் சரிபார்ப்பது?

மேசையில் முன்பின்னாக ஓடும் காடி, அதாவது நீளப் பள்ளம், இருக்கிறதல்லவா, எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். வாள் காடிக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். ஃபென்ஸ், அதாவது மரம் சாய்ந்து ஓடும் நீளத் தடுப்பு, அதுவும் காடிக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். ஃபென்ஸை முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு வாளை நகர்த்தினால் வேலை இரண்டாகும்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை மட்டும் நிறுத்தினால் போதாது. வாளை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். காடிக்குள் ஆடாமல் இருக்கும் ஒரு கட்டையை வைத்து, அதன் பக்கத்தில் ஒரு திருகாணி ஏற்றுங்கள். முன்பக்கத்தில் ஒரு பல்லைத் தேர்ந்து மார்க்கரால் அடையாளமிட்டு, திருகாணித் தலை அந்தப் பல்லில் மெல்ல உரசும்வரை சரிசெய்யுங்கள். இப்போது அதே பல் பின்னால் வரும்படி வாளைக் கையால் சுற்றி, கட்டையையும் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அங்கேயும் அதே உரசல் சத்தம் கேட்டால் வாள் நேராக இருக்கிறது. இடைவெளி தெரிந்தால், மோட்டார் சைக்கிள் மெக்கானிக்மார் டாப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜை (தடிப்பு குறித்த மெல்லிய தகடுகள்) நுழைத்து எவ்வளவு என்று பாருங்கள். 0.1 மில்லிமீற்றருக்குள் இருந்தால் நல்லது. இரு தடவையும் அதே பல்லைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாள் தகட்டிலேயே சிறிய நெளிவு இருக்கலாம். வேறு பல்லைப் பார்த்தால் அந்த நெளிவையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

அளக்காமலே காட்டிக்கொடுக்கும் அடையாளமும் உண்டு. அறுத்த முகத்தில் வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் குறுக்குமறுக்காகத் தெரிந்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் கருகினால், பின்பல் திரும்பவும் மரத்தைத் தொடுகிறது என்று அர்த்தம்.

ஃபென்ஸ் எந்தளவு நேராக இருக்க வேண்டும்?

காடியிலிருந்து முன்னும் பின்னும் ஒரே தூரம். பின்பக்கம் வாளைவிட்டு ஒரு மயிரிழை விலகியிருந்தால் பரவாயில்லை, சிலர் வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள். வாளை நோக்கி ஒடுங்கியிருக்கவே கூடாது. ஒடுங்கினால் மரம் வாளுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் நெரிபட்டு உங்கள் பக்கம் உதைத்து வரும். மலிவான வாள்களில் பூட்டும்போது ஃபென்ஸின் பின்நுனி நகர்ந்துவிடும். அதனால் பூட்டிய பிறகு ஒவ்வொரு தடவையும் இரண்டு முனையையும் பார்க்கப் பழகுங்கள்.

என் மேசை இங்கேயே வெல்டிங் செய்து எடுத்தது. காடியே இல்லை. என்ன செய்யலாம்?

நம் ஊரில் பல பட்டறைகளில் இப்படித்தான்: இரும்புத் தகட்டு மேசை, கீழே மோட்டர், பெல்ட்டில் ஓடும் வாள். அதிலும் ஒரே அளவில் அறுக்கலாம், நான் தொழில் பழகியதே அப்படியொரு மேசையில்தான். காடிக்குப் பதிலாக மேசையின் இடப்பக்க விளிம்பை ஆதாரமாக எடுங்கள். விளிம்பு நேராக இல்லையென்றால், நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை வாளுக்குச் சமாந்தரமாக அதில் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். குறுக்காக அறுக்கும் தட்டின் அடியில் ஒரு சட்டம் தொங்கி அந்த விளிம்பைப் பிடித்து ஓடட்டும். ஃபென்ஸுக்கு நேரான ஒரு முதிரைச் சட்டம் போதும், இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஒரு முனையில் மட்டும் பூட்டினால் மற்ற முனை தள்ளுப்படும்.

வாள் 90 பாகையில் நிற்கிறதா என்று மூலைமட்டத்தால் பார்த்தால் போதாதா?

தொடக்கத்துக்குப் போதும். முடிவு சொல்ல வேண்டியது மரம். ஒரு நேரான சட்டத்தை நிமிர்த்திப் பிடித்து நடுவில் அறுங்கள். ஒரு பாதியை மட்டும் தலைகீழாகத் திருப்பி, அறுத்த முகங்கள் இரண்டையும் ஒட்டி வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அது உண்மையான பிழையின் இரண்டு மடங்கு. அதனால்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

குறுக்காக அறுக்க வாளோடு வந்த மைட்டர் கேஜ் போதுமா, ஸ்லெட் செய்ய வேண்டுமா?

மைட்டர் கேஜ் என்பது காடியில் ஓடும் சிறிய கோணத் தடுப்பு. ஸ்லெட் என்பது மரத்தை மேலே வைத்து அப்படியே வாளுக்குத் தள்ளும் தட்டு. ஸ்லெட் செய்யுங்கள். ஒரு நாள் வேலை, பல வருடத்துக்குப் பயன். ஒரு பிளைவூட் தட்டு, அடியில் காடிக்குள் ஓடும் இரண்டு சட்டங்கள், பின்னால் மரம் சாய ஒரு தடுப்பு, முன்னால் தட்டு பிளக்காமல் பிடிக்க ஒரு சட்டம். அவ்வளவுதான். பிளைவூட் 12 அல்லது 18 மில்லிமீற்றர் எடுங்கள். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தட்டையாக இருக்கும், ஆனால் நம் மாரியில் ஊதும்.

ஸ்லெட்டின் உயிர் அந்தப் பின்தடுப்பில் இருக்கிறது. அது வாளுக்குச் சரியாக 90 பாகையில் நிற்க வேண்டும். இதைப் பார்க்க உலகம் முழுக்கத் தச்சர்கள் செய்யும் ஐந்து வெட்டுச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். ஏறத்தாழ 400 மில்லிமீற்றர் சதுரப் பிளைவூட் துண்டு ஒன்று எடுங்கள். ஒரு ஓரத்தை அறுத்துவிட்டு, அறுத்த ஓரத்தைத் தடுப்பில் சாய்த்து அடுத்த ஓரத்தை அறுங்கள். இப்படியே ஒரே திசையில் திருப்பிக்கொண்டு நான்கு ஓரமும் அறுங்கள். ஐந்தாவதாக, முதல் அறுத்த ஓரம் மறுபடி வாளுக்கு வரும். அதில் 25 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு கீற்று எடுங்கள். தடுப்பில் உள்ள பிழை நான்கு தடவை கூடிக்கொண்டே வந்து அந்தக் கீற்றில் நான்கு மடங்காக நிற்கும்.

என் முதல் ஸ்லெட்டின் கீற்று ஒரு முனையில் 25.6, மறுமுனையில் 24.8 இருந்தது. வித்தியாசம் 0.8. நான்கால் வகுத்தால் 0.2. அதாவது 400 மில்லிமீற்றர் நீளத்தில் 0.2 பிழை. தடுப்பின் ஒரு முனைத் திருகாணியை அச்சாக வைத்து மறுமுனையை நகர்த்துகிறோம். இரண்டு திருகாணிக்கும் இடையில் 500 மில்லிமீற்றர் என்றால் நகர்த்த வேண்டியது 0.25. தடுப்பின் நுனியை ஒட்டி ஒரு கட்டையைக் கிளாம்ப் செய்து, நடுவில் 0.25 ஃபீலர் தகட்டை வைத்து, தகட்டின் தடிப்பு அளவுக்குத் தடுப்பை நகர்த்திப் பூட்டினேன். எந்தத் திசையில் நகர்த்துவது என்று குழம்ப வேண்டாம். ஒரு பக்கம் நகர்த்தி மறுபடி ஐந்து வெட்டு போடுங்கள். வித்தியாசம் கூடினால் மற்றப் பக்கம். இரண்டாம் முறை எனக்குக் கீற்றின் இரு முனைக்கும் 0.1 கூட வித்தியாசம் இல்லை. அந்தக் கீற்றை இன்னும் வைத்திருக்கிறேன். கீற்றை அளக்க வேர்னியர் வேண்டும், நாடாவில் இது தெரியாது.

முட்டுக்கட்டை என்றால் என்ன, எங்கே பூட்டுவது?

ஸ்லெட்டின் பின்தடுப்பில் கிளாம்ப் போட்டு நிறுத்தும் ஒரு சிறிய மரக்கட்டை. முதல் துண்டை மட்டும் அளந்து, முட்டுக்கட்டையை இறுக்கி, மற்றவற்றை அதில் முட்டவைத்து அறுப்பீர்கள். ஐம்பது துண்டானாலும் ஒரே நீளம்.

இதில் எல்லோரையும் ஏமாற்றுவது தூள். அறுக்கும்போது வரும் தூள் முட்டுக்கட்டையின் அடி மூலையில் போய்ச் சேரும். அடுத்த துண்டை முட்டவைக்கும்போது அந்தத் தூள் நெரிந்து ஒரு மெல்லிய தோல்போல நிற்கும். விரலால் தடவினால் தெரியாது, நகத்தால் சுரண்டினால்தான் வரும். நான் பார்த்ததில் அரை மில்லிமீற்றர்வரை அது கூட்டிவிடும். அதனால் கட்டையின் அடி விளிம்பை உளியால் சரிவாகச் சீவிவிடுங்கள், தூள் அந்த இடுக்கில் போய் ஒதுங்கும். பின்தடுப்பின் அடி விளிம்புக்கும் அப்படியே செய்யுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முன் ஒரு சிறிய தூரிகையால் தட்டுவதை நான் பழக்கமாக்கிக்கொண்டேன்.

மரத்தைக் கட்டையில் மோதவிடவும் வேண்டாம். பத்துத் தடவை மோதினால் கட்டை நகரும். மெல்லக் கொண்டுபோய் வைத்தால் போதும்.

மைட்டர் கேஜ் பாவிக்கும்போது ஃபென்ஸையே முட்டாக வைத்து அறுப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அறுபட்ட துண்டு வாளுக்கும் ஃபென்ஸுக்கும் இடையில் சிக்கித் திரும்பி உதைக்கும். ஃபென்ஸ்தான் வசதி என்றால், வாளுக்கு முன்னால் வெகு தூரத்தில் ஃபென்ஸில் ஒரு கட்டை பூட்டி, மரத்தை அதில் முட்டவைத்து அளவு எடுங்கள். மரம் வாளுக்கு வரும்போது கட்டையைத் தாண்டியிருக்கும், துண்டுக்கு விலக இடம் கிடைக்கும்.

நெடுக்காக அறுக்கும்போது எல்லாம் ஒரே அகலமாக வர என்ன செய்வது?

மரத்தின் ஒரு ஓரம் நேராக இருக்க வேண்டும், அதைச் சீவுளியால் முதலில் சரிசெய்யுங்கள். வளைந்த ஓரத்தை ஃபென்ஸில் சாய்த்தால் வளைவையே திரும்ப அறுப்பீர்கள். அடுத்தது, ஒரே அகலம் வேண்டிய எல்லாத் துண்டையும் ஃபென்ஸை நகர்த்தாமல் ஒரே இருப்பில் அறுத்து முடியுங்கள். உடைந்தால், பிழைத்தால் என்று ஒன்றிரண்டு கூடுதலாகவும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபென்ஸை நகர்த்திய பிறகு பழைய இடத்தை அப்படியே திரும்பப் பிடிப்பது கஷ்டம். பிடிக்கத்தான் வேண்டுமென்றால் அளவுகோலைப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே அறுத்த நல்ல துண்டு ஒன்றை வாளுக்கும் ஃபென்ஸுக்கும் இடையில் வைத்து ஃபென்ஸைக் கொண்டுவந்து தொடவையுங்கள்.

மெல்லிய கீற்றுகள் நிறைய வேண்டும். எப்படி?

மெல்லியதை ஃபென்ஸ் பக்கம் விடாதீர்கள், வாளின் மற்றப் பக்கத்தில் விழவையுங்கள். இடப்பக்கத்தில், வாளுக்குச் சற்று முன்னால், ஒரு முட்டுக்கட்டையைப் பூட்டுங்கள். முட்டுக்கும் வாளின் பல்லுக்கும் உள்ள இடைவெளிதான் கீற்றின் தடிப்பு. ஒவ்வொரு கீற்றுக்குப் பிறகும் பலகையை அந்த முட்டில் தொடும்வரை ஃபென்ஸால் நகர்த்தி, பூட்டி, அறுங்கள்.

கோடையில் பொருந்திய கதவு மாரியில் இறுகுகிறது. அது வாளின் பிழையா?

இல்லை, மரத்தின் இயல்பு. மரம் ஈரத்தை இழுத்து அகலத்தில் ஊதும், நீளத்தில் அநேகமாக மாறாது. தென்மேற்கிலிருந்து சோழகம் அடிக்கும் மாதங்களில் காய்ந்து நிற்கும் பலகை, ஐப்பசி கார்த்திகை மழையில் கூடிவிடும். ஆகவே கோடையில் அறுக்கும் கதவுப் பலகைக்குக் காடிக்குள் விரிய இடம் விடுங்கள்.

இதைவிட முக்கியமாக, மரத்தை வாங்கியவுடன் கடைசி அளவுக்கு அறுக்க வேண்டாம். இடையில் சிலாகை வைத்து அடுக்கிப் பட்டறைக்குள் சில வாரம் விடுங்கள். பிறகு 3, 4 மில்லிமீற்றர் கூடுதலாக முதல் அறுப்பு அறுத்துச் சில நாள் விடுங்கள். உள்ளே இருந்த இறுக்கம் விட்டு வளைவதானால் அப்போதே வளையும். அதன் பிறகுதான் கடைசி அறுப்பு. அவசரத்தில் இந்தப் படியைத் தவிர்த்தவர்கள் வாளைக் குறை சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறேன்.

ஸ்லெட்டின் அடிச்சட்டமும் மரமென்றால் மாரியில் காடிக்குள் இறுகும். முதிரை போன்ற இறுக்கமான மரத்தில் செய்து மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள். கடற்காற்று படும் இடங்களில் வார்ப்பிரும்பு மேசை துருப்பிடிப்பதையும் அதே மெழுகு தடுக்கும்.

பனை மரம் அறுத்தால் வாள் சீக்கிரம் மழுங்குகிறதே?

மழுங்கும். பனைக்கு வேம்பு, தேக்கு மாதிரி வளையங்கள் இல்லை. மென்மையான சோற்றுக்குள் கறுப்பு நார்கள் கம்பி மாதிரி ஓடும். வெளிப்பக்கம் வைரம், உள்பக்கம் சோறு. ஒரே துண்டில் வாள் இறுக்கத்திலிருந்து மென்மைக்குப் போகும்போது மரம் மென்மையான பக்கம் இழுபடும், அளவு அங்கேதான் தவறும். கூரான கார்பைட் பல் வாளை எடுத்து, மெதுவாக, நிறுத்தாமல் தள்ளுங்கள். அடியில் ஒரு பழைய பலகையைக் கொடுத்தால் நார் சிலும்புவது குறையும். பனைக்கென்று ஒரு வாளைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதை வேறு மரத்துக்குப் போடுவதில்லை.

எத்தனை பல் உள்ள வாள் வாங்குவது?

10 அங்குலத்தில், நெடுக்காக அறுக்க 24 பல், குறுக்காகவும் பிளைவூட்டுக்கும் 60 அல்லது 80. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் 40. பல்லில் பிசின் ஏறியிருந்தால் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேயுங்கள். மழுங்கியது என்று நினைக்கும் பல வாள்கள் அழுக்கானவைதான்.

அறுக்கும்போது மோட்டர் தளர்கிறது, மரம் கருகுகிறது.

வாள் கூராகவும் நேராகவும் இருந்தால், அடுத்துக் கறண்டைப் பாருங்கள். 2 குதிரைவலு மோட்டர் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். வீட்டு விளக்குக்குப் போட்ட மெல்லிய நீட்டு வயரில் அதை ஓட்டினால் வோல்ற்றேஜ் வயரிலேயே விழுந்துவிடும். குறைந்தது 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், முடிந்தளவு குட்டையாக, எர்த்துடன். தளர்ந்து ஓடும் வாள் நடுங்கும், நடுங்கும் வாள் அகலமாக அறுக்கும். ஆகவே இதுவும் அளவுப் பிரச்சினைதான்.

மரம் உதைக்காமல் இருக்க என்ன செய்வது?

10 அங்குல வாள் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடினால் பல்லின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீற்றர். பின்பல் மரத்தைக் கவ்வினால் அந்த வேகத்தைத்தான் மரத்துக்குக் கொடுக்கும். என் பட்டறைச் சுவரில் ஒரு குழி இருக்கிறது. ஒரு முழ நீளச் சட்டம் ஒன்று போய்க் குத்திய இடம். அன்று நான் வாளுக்கு நேரே நிற்காமல் பக்கத்தில் நின்றேன், அதனால் இன்று இதை எழுதுகிறேன்.

வாளுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகட்டைக் கழற்றி எறியாதீர்கள். அறுத்த வாய் மூடி வாளை நெரிக்காமல் பிடிப்பது அதுதான். தகடு இல்லாத மேசையென்றால் செய்து பூட்டுங்கள். அது வாள் உடலைவிடத் தடிப்பாகவும், பல் அறுக்கும் வாயைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பல் மரத்துக்கு மேலே சற்றுத் தெரியும் உயரம் போதும். ஒடுங்கிய துண்டுக்குத் தள்ளுகோல். கையுறை போடாதீர்கள், பல் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். சாரம் கட்டிக்கொண்டு, தோளில் துவாயைப் போட்டபடி வாளில் நிற்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கை பட்டதும் தானே நிற்கும் வாள் இருக்கிறதாமே?

இருக்கிறது. சோஸ்டொப் என்ற அமெரிக்க வாள். தோல் பட்டதை மின்சாரத்தால் உணர்ந்து, ஒரு அலுமினியக் கட்டை வாளில் பாய்ந்து சில மில்லிசெக்கனில் நிறுத்திவிடும். நின்ற பிறகு அந்தக் கட்டையை மாற்ற வேண்டும், வாளும் அநேகமாகப் போய்விடும். பச்சை மரம் அறுத்தாலும் அது ஏமாந்து நின்றுவிடலாம். வசதி இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

தளபாட வேலைக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும்?

ஒரே யன்னலின் எதிரெதிர்ச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று 0.2 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும். மொத்த நீளம் நாடாக் கணக்கில் ஒரு மில்லிமீற்றர் கூடிக் குறைந்தால் சீவிச் சரிசெய்யலாம். சோடிச் சட்டங்கள் தங்களுக்குள் மாறினால் யன்னல் கோணும், அதைச் சரிசெய்ய வழியில்லை. அறுத்த சோடியை மேசையில் நிறுத்தி, மேல் முனையில் விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத படி விரலுக்குத் தெரியும்.

ஆறு மாதம் கழித்து அதே அளவு மறுபடி வேண்டுமென்றால்?

அளவைக் கொப்பியில் எழுதி வைப்பதோடு, ஒரு சட்டத்திலும் வையுங்கள். நம் ஆசாரிமாரின் முழக்கோல் வழியேதான் இது. தொண்ணூறுகளில் கறண்டே இல்லாமல் கைவாளால் கதவு, யன்னல் செய்தவர்கள் ஒரு கம்பில் எல்லா அளவையும் கத்தியால் கீறி வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஒரு மெல்லிய சட்டத்தில் குறுக்குச் சட்டத்தின் நீளம், பொளியின் (சட்டங்கள் ஒன்றில் ஒன்று பூட்டும் வெட்டின்) இடம், கண்ணாடிக் காடியின் ஆழம் எல்லாவற்றையும் பென்சிலால் அல்லாமல் கத்தியால் கீறுங்கள். வீட்டுக்காரர் பெயரும் மாதமும் எழுதி ஆணியில் மாட்டுங்கள். முட்டுக்கட்டையைப் பூட்டும்போது அந்தச் சட்டத்தின் கீறலை வாளின் பல்லில் வைத்துப் பூட்டினால் நாடாவே தேவையில்லை.

அந்த எட்டு யன்னலில் இரண்டை மறுபடி செய்தபோது அப்படியொரு சட்டம் செய்து வைத்தேன். போன மாரியில் அந்த வீட்டின் மேற்குப் பக்க யன்னல் ஒன்றில் தண்ணீர் நின்று கீழ்ச் சட்டம் உக்கிவிட்டது. வீட்டுக்காரர் ரெலிபோனில் சொன்னார். அளவெடுக்க நான் போகவில்லை. சுவரில் தொங்கிய சட்டத்தை எடுத்து, முட்டுக்கட்டையைப் பூட்டி, வேப்பஞ்சட்டம் ஒன்றை அறுத்துப் பொளி போட்டுக் கொண்டுபோனேன். மரச்சுத்தியலால் இரண்டு தட்டு, உள்ளே இறங்கிவிட்டது.